மடியில் கனம்

உங்கள் ஆபீசில் கட்டாயம் ஒருவர் இருப்பார். ஒன்றரை லட்சம் கொடுத்து, ஊதினால் பறந்துவிடும் போன்ற ஒரு லேப்டாப் வாங்கியிருப்பார். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமாம். தூக்கிக்கொண்டு நேராகத் தன் மேஜைக்கு வருவார். 27 இன்ச் மானிட்டரில் ஒயரைச் சொருகுவார். தனி கீபோர்டு, தனி மவுஸ் மாட்டுவார். கடைசியில் லேப்டாப்பை மூடி மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிடுவார். வாழ்த்துகள் ஐயா, நீங்கள் ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருக்கிறீர்கள்!

சிரிக்காதீர்கள். இது இந்தத் தலைமுறையின் கிறுக்கு என்று பெரியவர்களும் தலையை ஆட்ட வேண்டாம். கையில் தூக்கிப் போகும் கம்ப்யூட்டர் என்று ஒன்று கடைக்கு வந்த காலத்திலிருந்தே அதன் உடம்பில் எங்காவது ஓர் ஓட்டை இருந்திருக்கிறது, இன்னொரு திரையை மாட்டிக்கொள்ள. 'இதில் இருக்கிற திரை உங்களுக்குப் பத்தாது' என்று செய்தவர்களுக்கே தெரியும். விலைப்பட்டியலில்தான் அதைப் போடவில்லை.

1975-க்குப் போவோம். ஐபிஎம் கம்பெனி 5100 என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. சும்மா இல்லை, 'போர்ட்டபிள் கம்ப்யூட்டர்' என்று பெயரிலேயே பட்டம். எடை? சுமார் 25 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசி. விலை 9,000 டாலரில் ஆரம்பித்து 20,000 டாலர் வரை. இவ்வளவு கொடுத்து, இவ்வளவு தூக்கி, மேஜையில் வைத்து ஆன் செய்தால் வரும் திரையின் அளவு 5 இன்ச்!

அந்த 5 இன்ச்சில் 16 வரிகள், வரிக்கு 64 எழுத்துகள். ஐபிஎம்காரர்களுக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். முகப்பில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். ஒரு பக்கம் தள்ளினால் வரியின் இடது பாதி மட்டும் இடைவெளி விட்டுத் தெரியும், மறுபக்கம் தள்ளினால் வலது பாதி. அதுவும் போதாது என்பவர்களுக்குப் பெட்டியின் பின்னால் ஓர் இணைப்பு, வெளி மானிட்டர் மாட்ட. ஆக, ஊருக்குக் கிளம்பும் அதிகாரி ஒரு கையில் அரிசி மூட்டையும் மறு கையில் டிவியும் எடுத்துக்கொண்டால் போதும், வேலை நடக்கும்.

இதற்கு ஏழு வருடம் முன்பே ஒரு மாணவர் சரியாக யோசித்துவிட்டார். பெயர் ஆலன் கே. பின்னாளில் கம்ப்யூட்டர் உலகின் ரிஷிகளில் ஒருவர். 1968-ல் அவர் அட்டையில் ஒரு பொம்மை லேப்டாப் செய்தார். எவ்வளவு எடை இருந்தால் மனிதன் சிணுங்காமல் தூக்குவான் என்று பார்க்க, உள்ளே ஈயக் குண்டுகளைக் கொட்டிக் கொட்டிச் சோதித்தார். விடை: 2 பவுண்டுக்குள், ஒரு கிலோவுக்கும் குறைவு. அற்புதம்! பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருடைய குழு நிஜமாகவே நோட்டேக்கர் என்று ஒரு மெஷினைச் செய்து முடித்தது. எடை 22 கிலோ. அட்டைப் பெட்டியோடு நிறுத்தியிருக்கலாம்.

இனி நம் கதாநாயகர் வருகிறார். எழுந்து நின்று கைதட்டுங்கள், ஒரு வகையில் நம்ம ஊர்க்காரர்.

ஆடம் ஆஸ்போர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அம்மா லூசியா போலந்துக்காரர். இரண்டாம் உலகப்போர் வந்தது. அப்பா ஜப்பானியரிடம் சிக்கி பாங்காக் முகாமில் அடைபட்டார். அம்மாவும் பிள்ளைகளும் இருந்தது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டி. பையனைப் படிக்கப் போட்டது கொடைக்கானல் கான்வென்ட்டில், 11 வயது வரை. சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வழி பழனி மலை வழியாகவும் போகும் என்று யார் கண்டார்கள்?

ஒரு நிமிடம் இங்கே நிற்க வேண்டும். ரமண மகரிஷியின் மொத்த லக்கேஜ் என்ன? கோவணம், கமண்டலம், கைத்தடி. சார்ஜர் கிடையாது, அடாப்டர் கிடையாது. 'கையோடு கொண்டு போவது' என்ற துறையில் அதைவிடச் சிறந்த டிசைன் இன்றுவரை வெளியாகவில்லை. அந்த மகானைப் பார்த்து வளர்ந்த பையன், பெரியவனாகி உலகத்துக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? பதினோரு கிலோவில் ஒரு பெட்டி.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங், அமெரிக்காவில் பிஎச்.டி., ஷெல் கம்பெனியில் வேலை. அங்கே ஒட்டவில்லை. மைக்ரோபிராசஸர் பற்றிப் புத்தகம் எழுதினார், விற்றுத் தள்ளியது. தானே பதிப்பகம் வைத்தார், அதை 1979-ல் மெக்ரா ஹில்லுக்கு விற்றார். கூடவே பத்திரிகைகளில் பத்தி. கம்ப்யூட்டர் கம்பெனிகள் என்ன தப்பு செய்கின்றன என்று வெளுத்து வாங்குவதுதான் பத்தியின் வேலை. திட்டிக் கொண்டிருந்தவருக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது: நாமே ஒன்று செய்தால் என்ன? சினிமா விமர்சகர் படம் இயக்கக் கிளம்பும் அந்த ஆபத்தான நொடி!

1981 ஏப்ரல், சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சி. 'ஆஸ்போர்ன் 1' மேடையேறியது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். விலை 1,795 டாலர். அதோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்று கிட்டத்தட்ட பெட்டியின் விலைக்கே சாஃப்ட்வேர் இலவசம். இலவசம் என்றால் கூட்டம் எப்படி வரும் என்று தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லித் தர வேண்டுமா! (அவர் வளர்ந்த காலத்தில் இலவச மிக்ஸி கிடையாது என்பது எனக்கும் தெரியும். விடுங்கள்.)

விமான சீட்டுக்கு அடியில் அடங்கும் என்பதுதான் விற்பனையின் பெரிய பெருமை. உண்மை, அடங்கும். ஆனால் உள்ளே பேட்டரி இல்லை. சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாக மேகம் பார்க்கலாம். இன்றைக்கு நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். ஆஸ்போர்னை எடுத்து வந்திருந்தால் கவுன்டரிலேயே எக்ஸ்ட்ரா காசு கட்டச் சொல்லியிருப்பார்கள், கண்டுபிடித்தவராக இருந்தாலும்.

திரைக்கு வருவோம். இரண்டு ஃப்ளாப்பி டிரைவுக்கு நடுவே, இரண்டு தடியர்களுக்கு இடையில் பஸ் சீட்டில் மாட்டிய குழந்தைபோல ஒரு 5 இன்ச் திரை. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன் இதைவிடப் பெரிது. வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். ஆனால் டைப் அடித்த கடிதத்தில் வரிக்கு 80 எழுத்து வருமே, மிச்சம் எங்கே? இருக்கிறது. உள்ளுக்குள் 128 எழுத்து அகலத்துக்கு ஒரு பக்கம் விரிந்து கிடக்கும். நீங்கள் கன்ட்ரோலையும் அம்புக்குறியையும் அழுத்தி, ஜன்னலை இடம் வலமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடன் கேட்டு பேங்க் மேனேஜருக்குக் கடிதம் அடிக்கிறீர்கள். 'தங்கள் கிளையில் நான் பல வருடங்களாக' என்பதுவரை திரையில் தெரிகிறது. 'கணக்கு வைத்திருக்கிறேன்' வலது பக்கம் எங்கேயோ இருக்கிறது. தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் கணக்கு வந்துவிட்டது, கிளையைக் காணோம். கடைசிவரை மேனேஜருக்கு மட்டும்தான் முழு வரியையும் படிக்கும் பாக்கியம்.

இங்கேதான் நம் ஓட்டை வருகிறது. ஆஸ்போர்ன் 1-ன் முகப்பிலேயே வெளி மானிட்டருக்கு ஓர் இணைப்பு. சாதாரண நேரத்தில் அதில் ஒரு சின்ன பிளக் சொருகியிருக்கும். அந்த பிளக் இருந்தால்தான் உள்ளே இருக்கும் குட்டித் திரைக்கு உயிர். யாராவது 'இது என்ன தூசி மூடியா?' என்று பிடுங்கினால் திரை கறுப்பு. பெரிய மானிட்டரை மாட்ட வேண்டுமென்றால் அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருக வேண்டும். சொருகினால் பலன்? அதே 52 எழுத்து. கொஞ்சம் குண்டாக.

ஆனாலும் ஜனங்கள் வாங்கினார்கள் பாருங்கள்! உச்சத்தில் மாதத்துக்கு 10,000 பெட்டி. ஆஸ்போர்னுக்குக் கோட்டு சூட்டும் மீசையும் இன்னும் மிடுக்காகின. கம்ப்யூட்டர் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, போதுமானதாக இருந்தால் போதும் என்பது அவருடைய தத்துவம். ரமணர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். வாடிக்கையாளர்களும் தலையசைத்தார்கள், இடம் வலமாக, வரியைப் படிப்பதற்காக.

1982-ல் வந்தது கேப்ரோ. தகரப் பெட்டி, அழகு பூஜ்யம், அதே மாதிரிதான் கனம், விலையும் ஏறக்குறைய அதே. ஒரே வித்தியாசம், திரை 9 இன்ச், வரிக்கு முழுசாக 80 எழுத்து. பின்னாலேயே காம்பேக் வந்தது. அதிலும் 9 இன்ச், கூடவே ஐபிஎம் பிசிக்கு எழுதிய சாஃப்ட்வேர் எல்லாம் இதிலும் ஓடும். போதுமானது போதும் என்ற தத்துவத்துக்கு நான்கு இன்ச்சில் முடிவு எழுதிவிட்டார்கள்.

ஆஸ்போர்ன் என்ன செய்தார்? 1983-ன் தொடக்கத்தில், 'பொறுங்கள், எக்ஸிகியூட்டிவ் என்று ஒரு புது மாடல் வரப்போகிறது, 7 இன்ச் திரை' என்று முன்கூட்டியே வாயை விட்டுவிட்டார். கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். புதுசு வரட்டும் என்று பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். காசு வற்றியது. 1983 செப்டம்பர் 13, கம்பெனி திவால். இதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் வைத்து இன்றும் எம்பிஏ வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள். 'அடுத்த ஐபோன் வரட்டும்' என்று உடைந்த போனில் ஒரு வருடம் ஓட்டும் உங்கள் மைத்துனருக்குத் தெரியாது, தான் ஒரு பொருளாதாரக் கோட்பாடு என்று.

எனக்கு இந்தப் பாடத்தில் நம்பிக்கை குறைவு. வாயால் கெட்டார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, தவளையும் தன் வாயால்தானே கெடும். ஆனால் பக்கத்துக் கடையில் 9 இன்ச் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, அவர் மௌன விரதமே இருந்திருந்தாலும் 5 இன்ச்சை எத்தனை நாள் விற்றிருக்க முடியும்? மனிதரைக் கவிழ்த்ததில் வாய்க்குப் பங்கு உண்டு. பெரும்பங்கு திரைக்குத்தான்.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சாஃப்ட்வேரை மலிவு விலையில் விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்து, லோட்டஸ் கம்பெனியோடு வழக்கில் மாட்டிக்கொண்டார். உடம்பு கெட்டது. 1990-களில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார். நாம் கொடைக்கானலுக்குப் போய் ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வாங்கிய சாக்லேட்டையும் வைத்து லேப்டாப் பையைத் தூக்கும்போதாவது அந்த மனிதரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

எடைப் பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். பில் மாக்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் டிசைனர், புத்தகம்போல மடிக்கும் கிரிட் காம்பஸை வடிவமைத்தார். 1982-ல் 8,150 டாலர், சுமார் 5 கிலோ. அடுத்த வருடமே அது விண்வெளி ஓடத்தில் ஏறியது. 1989-ல் ஆப்பிள் விட்ட மேக்கின்டாஷ் போர்ட்டபிள் 7 கிலோவுக்கு மேல், உள்ளே ஈய அமில பேட்டரி. கார் பேட்டரியின் பங்காளி. அதுவும் 1991-ல் விண்வெளிக்குப் போய் அங்கிருந்து இமெயில் அனுப்பியது. எடையே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கொண்டு போய் லேப்டாப்பை வைத்த நாசாவின் மூளையே மூளை!

ஒருவழியாக 1992-ல் ஆப்பிள் 2 கிலோவுக்குள் ஒரு லேப்டாப் செய்துவிட்டது, பவர்புக் டுவோ. இளைப்பதற்காகப் பல ஓட்டைகளைக் கழற்றிப் போட்டார்கள். மானிட்டர் மாட்டும் ஓட்டையும் போயிற்று. அப்படியானால் பெரிய திரை வேண்டுமென்றால்? அதற்குத் தனியாக ஒரு பெட்டி. லேப்டாப்பை மூடி அதன் வாயில் வைத்தால், விசிஆர் கேசட்டை விழுங்குவதுபோல மோட்டார் ஓட உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்டியின் தலைமேல் மானிட்டர். இத்தனை பாடுபட்டு இளைக்க வைத்த லேப்டாப்பை வாங்கியவர், அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைத்தார்.

இதற்கிடையில் 1987-ல் ஐபிஎம் ஒரு சாகாவரம் கொடுத்திருந்தது: விஜிஏ. பதினைந்து பின், இரண்டு பக்கமும் திருகாணி. நீங்கள் கல்லூரியில் படித்திருந்தால் உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். திருகாணியை முடுக்காவிட்டால் சிறப்பு விருந்தினர் பேசும்போது ஒயர் நழுவி, ஹால் முழுக்க இளஞ்சிவப்பாகும். முடுக்கினால் அடுத்த கல்வியாண்டுவரை கழற்ற முடியாது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் கூடி, 2015-க்குள் இதை ஒழித்துக்கட்டுகிறோம் என்று அறிவித்தார்கள். நம் செமினார் ஹால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

ஒயரைச் சொருகினால் மட்டும் படம் வந்துவிடுமா? எஃப்என் பட்டனோடு இன்னொன்றையும் அழுத்த வேண்டும். அந்த இன்னொன்று எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி ரகசியம். சிலதில் எஃப்4, சிலதில் எஃப்5, வேறு சிலதில் எஃப்7 அல்லது எஃப்8. பேராசிரியர் ஒவ்வொன்றாக அழுத்துவார். வெளிச்சம் குறையும், சத்தம் நிற்கும், வைஃபை போகும், லேப்டாப் தூங்கிவிடும். கடைசியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் வந்து அழுத்துவான், வந்துவிடும். 2009-ல் விண்டோஸ் 7 எல்லாவற்றுக்கும் பொதுவாக விண்டோஸ் பட்டனும் பி-யும் என்று ஒரே வழி கொடுத்தது. அதுவும் அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஒரு திரை பத்தாது என்றானபின் இரண்டு எப்படிப் பத்தும்? 2006-ல் பில் கேட்ஸ் தான் வேலை செய்யும் விதத்தை ஃபார்ச்சூன் பத்திரிகையில் விளக்கினார். அவர் மேஜையில் மூன்று திரைகள். உலகப் பணக்காரர், மூன்று திரையிலும் என்னென்ன ராஜ்ஜியம் நடத்துகிறாரோ என்று ஆவலாகப் படித்தால்: இடது திரையில் வந்த இமெயில்களின் பட்டியல், நடுத் திரையில் படித்துக்கொண்டிருக்கும் இமெயில், வலது திரையில் பிரவுசர். நம் ஹெச்.ஆர். மேனேஜரும் இதைத்தான் செய்கிறார், பாவம் ஒரே திரையில்.

பெரிய திரை இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்று ஆராய்ச்சி உண்டு என்பார்கள். உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2008-ல் முடிவு வந்தது. பெரிய திரைக்காரர்கள் சிறிய திரைக்காரர்களை முந்தினார்களாம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் என்இசி. அவர்கள் என்ன விற்றார்கள் என்கிறீர்களா? மானிட்டர்.

2015-ல் ஆப்பிளுக்கு மறுபடி இளைக்கும் ஆசை. புது மேக்புக்கில் ஹெட்போன் ஓட்டையை விட்டால் மொத்தமே ஒரே ஓட்டை, டைப்-சி. அதில்தான் சார்ஜ், அதில்தான் மானிட்டர். இரண்டில் ஒன்று. இரண்டும் வேண்டும் என்று பேராசைப்பட்டால் 79 டாலருக்கு ஓர் அடாப்டர். அடுத்த வருடம் மேக்புக் ப்ரோவிலும் எச்டிஎம்ஐ-யை எடுத்தார்கள். 2021-ல், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல, அதே எச்டிஎம்ஐ-யைத் திரும்ப வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது!

மானிட்டருக்கும் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? 2019 ஜூனில் ஆப்பிள் 4,999 டாலருக்கு ஒரு மானிட்டரை அறிமுகம் செய்தது. அரங்கம் ஆரவாரித்தது. பிறகுதான் சொன்னார்கள், அதை நிற்க வைக்கும் ஸ்டாண்டு தனி, விலை 999 டாலர். ஆப்பிள் எதைக் காட்டினாலும் விசிலடிக்கும் அந்தக் கூட்டத்திலிருந்தே ஒரு முனகல் எழுந்தது. நம் ஆபீசுகளில் அதே ஸ்டாண்டு வேலையை இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரியும் ஒரு ஏ4 பேப்பர் கட்டும் வெகு காலமாகச் செய்துவருகின்றன.

2020-ல் கொரோனா வந்தபோது சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்காரர்கள் லேப்டாப்போடு வீட்டுக்குப் போனார்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லி விற்ற லேப்டாப்புக்கு, நிஜமாகவே எங்கிருந்தோ வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்த ஒரே காலம் அது. போன கையோடு எல்லோரும் தேடியது மானிட்டரை.

நீங்களும் தேடுவீர்கள், தேடுங்கள், தப்பே இல்லை. கழுத்துக்கு நல்லது. ஆனால் அடுத்த லேப்டாப்பை வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த டைப்-சி ஓட்டையில் மானிட்டருக்குப் படம் போகுமா?' பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சிலதில் படமும் போகும் சார்ஜும் ஏறும், சிலதில் பென்டிரைவ் மட்டும்தான் வேலை செய்யும். போகும் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். கடையிலேயே ஒரு மானிட்டரை மாட்டிக் காட்டச் சொல்லி, படம் வந்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.